நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பவர் வீட்டில் இருந்தால் அண்ணத்தைப் பார்ப்பது எப்படி

உங்கள் வீட்டில் ஆயாவோ நைனாவோ சுருட்டைத் தலைகீழாகப் பிடிப்பவரா? பற்றவைத்த முனை வாய்க்குள், பற்றவைக்காத முனை வெளியே. கேள்விப்படாதவர்களுக்கு இது கதை விடுவதாகத் தோன்றும். ஆனால் காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடலோரக் குப்பங்களில் புழங்கியவர்கள் இப்படிப் பிடிக்கும் ஒரு கிழவியையாவது பார்த்திருப்பார்கள். பழக்கத்தின் தாய்வீடு ஆந்திராவின் வட கடலோரம், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் மாவட்டங்கள். அங்கே இதற்கு அட்டபொக என்று பெயரே உண்டு, ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பிடிப்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் நம்ம ஊர் லாஞ்சுகளில், அதாவது விசைப்படகுகளில், வேலைக்கு வருகிறார்கள், எத்தனையோ தெலுங்குக் குடும்பங்கள் வடசென்னையிலேயே தலைமுறைகளாக இருக்கின்றன, எனவே பழக்கமும் கூடவே வந்ததில் ஆச்சரியம் இல்லை. பனாமா, கொலம்பியா, பிலிப்பைன்ஸ், இத்தாலியின் சார்டினியா தீவு என்று உலகத்தின் வேறு மூலைகளிலும் இது இருந்திருக்கிறது.

நான் பல் டாக்டர். தண்டையார்பேட்டை பக்கம் கிளினிக். இங்கே எழுதப்போவது சிகிச்சை அல்ல, வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை: அவர்களுடைய வாயைத் திறக்கச் சொல்லி, மேல்வாயை ஒழுங்காகப் பார்த்து, எதற்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம் என்று தெரிந்துகொள்வது. அண்ணம் என்பது புகைக்கிறவர் கண்ணுக்கே படாத இடம். கண்ணாடி முன்னால் நின்று பல் விளக்குகிறவருக்கும் அது தெரியாது. வலியும் இருக்காது, அதுதான் பெரிய சிக்கல்.

ஏன் இப்படிப் பிடிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டால் அவர்களோடு பேசுவது சுலபம். கடல் காற்றில் சுருட்டு அணையாது, மழையில் நனையாது, எச்சிலில் ஊறி மெதுவாக எரிவதால் ஒரே சுருட்டு ரொம்ப நேரம் வரும். மடியில் குழந்தையை வைத்திருக்கும் பெண் சாம்பல் குழந்தை மேல் விழுமே என்று பயப்பட வேண்டாம், துவைக்கிற துணி மேலும் விழாது. அம்மா இப்படித்தான் பிடித்தாள், நானும் பிடிக்கிறேன் என்பதும் ஒரு காரணம். இதில் எதுவும் முட்டாள்தனம் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே "இன்னா ஆயா, லூசா நீ" என்று ஆரம்பித்தால் அன்றோடு அவர் வாயைத் திறக்க மாட்டார், இரண்டு அர்த்தத்திலும்.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரணமாகப் புகைக்கும்போது நெருப்பு வெளியே இருக்கிறது, புகை கொஞ்சமாவது ஆறித்தான் உள்ளே வருகிறது. திருப்பிப் பிடித்தால் தணலே அண்ணத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். இப்படிப் பிடிப்பவர்களிடம் அளந்து பார்த்ததில் வாய்க்குள் இருக்கும் காற்றின் சூடு 120 டிகிரி செல்சியஸ் வரைக்கும், அண்ணத்துச் சவ்வின் சூடு 58 டிகிரி வரைக்கும் போயிருக்கிறது. இது ஒரு நிமிஷ விஷயம் இல்லை. ஒவ்வொரு சுருட்டுக்கும் பல நிமிஷம், ஒரு நாளைக்குப் பல சுருட்டு, அப்படியே முப்பது நாற்பது வருஷம்.

சவ்வு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் தடிக்கிறது. வலைக் கயிறு இழுக்கிறவர் உள்ளங்கையில் காய்ப்பு விழுகிற மாதிரி, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய அண்ணம் வெளுத்து, சாம்பல் பூத்து, கீறல் கீறலாக ஆகிறது. அண்ணத்தின் பின்பாதியில் நிறையச் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் வாய்கள் வீங்கி, கடுகு அளவு வெள்ளை மேடுகளாகத் தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி. பைப் பிடிக்கிறவர்களுக்கும் நிறைய சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும்கூட இது வரும், இதைப் புகைப்பவர் அண்ணம் என்போம். அவர்களுக்கு இது பெரும்பாலும் சூட்டினால் வருவது, புற்றாக மாறுவது அரிது, புகையை விட்டால் சில வாரங்களில் மறைந்துவிடும். அதே வெள்ளை, அதே புள்ளிகள் தலைகீழாகப் பிடிப்பவர் வாயில் இருந்தால் கதை வேறு. அங்கே சூடு, தார், நைட்ரோசமைன் என்ற புற்று உண்டாக்கும் நச்சு எல்லாம் ஒரே இடத்தில் நேரடியாக விழுவதால் அதைப் புற்றுக்கு முந்தைய நிலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது ஊகம் இல்லை. 1960களின் பிற்பகுதியில் இருந்து மும்பை ஆராய்ச்சியாளர்கள் ஸ்ரீகாகுளம் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அண்ணத்தைப் பார்த்த ஆய்வு 1971-ல் வெளியானது. நம் நாட்டில் வாய்ப்புற்று பொதுவாகக் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும்தான் வரும், முன்பக்கக் கடின அண்ணத்தில் அபூர்வம். அந்தப் பகுதியில் மட்டும் அது அபூர்வமாக இல்லை.

சரி, வாயைத் திறக்க வைப்பது

பலருக்கு இங்கேயே தடுக்கும். "புகைப்பீர்களா" என்று டாக்டர் கேட்டால் எழுபது வயது ஆயா "சீ, நானா" என்பார், ஏனென்றால் அவர் கணக்கில் புகைப்பது என்றால் ஆம்பளைங்க சிகரெட். அதனால் நேராகக் கேளுங்கள்: சுருட்டா பீடியா, எத்தனை, எந்தப் பக்கம் உள்ளே, சின்ன வயசிலிருந்தா, படுக்கும்போதும் வாயில் வைத்திருப்பாயா, கூடவே வெற்றிலை பாக்கு உண்டா, சாராயம் உண்டா. குடியும் புகையும் சேர்ந்தால் ஆபத்து வெறும் கூட்டல் இல்லை, பெருக்கல். இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள், பிறகு ஆஸ்பத்திரியில் உதவும்.

"எனக்கு இன்னாடா, ஒண்ணும் இல்ல" என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்: ஒண்ணும் இல்லைன்னு நானும் பார்த்துட்டு சொல்றேன், காட்டு. சண்டை போடாதீர்கள். பேத்தி கேட்டால் காட்டுவார்கள், மகன் கேட்டால் முறைப்பார்கள், என் அனுபவத்தில் இது அநேகமாக விதி.

பார்க்கும் முறை

அன்று காலையில் வெற்றிலை, சுருட்டு, பால் விடாத டீ எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கறை இருந்தால் நிறம் தெரியாது. கட்டுப்பல் இருந்தால் கழற்ற வேண்டும். மேல் கட்டுப்பல் போடுகிறவர்களுக்கு ஒரு சுவாரசியம்: பிளேட் மூடிய இடம் இளஞ்சிவப்பாகவும், அதற்குப் பின்னால் திறந்திருந்த இடம் மட்டும் வெள்ளையாகவும், கோடு கிழித்த மாதிரி இருக்கும். புகையின் வேலை எது என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சாயக்கூடிய நாற்காலியில், இல்லையென்றால் பாயில் தலையணை இல்லாமல், தலை பின்னால் சாய்ந்து மோவாய் மேலே பார்க்கும்படி இருக்கட்டும். ட்யூப்லைட் வெளிச்சம் போதாது, செல்போன் டார்ச் நேராக உள்ளே அடிக்க வேண்டும். நீங்கள் தலைமாட்டில் நின்று மேலிருந்து பார்த்தால் நாக்குதான் தெரியும், அதனால் பக்கவாட்டில், அவர் நெஞ்சுக்கு நேராக வந்து கீழிருந்து மேலே பாருங்கள். நாக்கு மறைத்தால் ஸ்பூனின் பின்பக்கத்தால் லேசாக அழுத்துங்கள், ரொம்ப உள்ளே போனால் குமட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வது சொல்லாமலே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு விஷயம் முக்கியம். எச்சில் ஈரம் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்து எல்லாவற்றையும் வெள்ளையாகக் காட்டும். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை, மெடிக்கலில் கிடைக்கும் காஸ் என்றால் இன்னும் நல்லது, விரலில் சுற்றி அண்ணத்தை ஒற்றி எடுங்கள். பிறகு லேசாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் வந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சை, இல்லையென்றால் சாப்பாட்டுத் துகள். துடைத்தும் அசையாத வெள்ளைதான் நமக்குக் கவலை. நகத்தால் சுரண்டிப் பார்க்கும் ஆர்வம் சிலருக்கு வரும், வேண்டாம்.

அண்ணத்தோடு நிறுத்தாதீர்கள், வாய் திறந்திருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடலாம். உதட்டின் இரண்டு ஓரங்கள், இரண்டு கன்னத்தின் உள்ளே, ஈறுகள். பிறகு நாக்கைக் கைக்குட்டையால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பகுதி. கடைசியாகத் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் தடவிப் பாருங்கள், புதிதாக உருளையாகக் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று.

போட்டோ எடுங்கள். அசையாமல் எடுக்க வராவிட்டால் டார்ச் போட்டு வீடியோ எடுத்து, தெளிவான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த மாதம் திரும்பப் பார்க்கும்போது "அப்பவும் இப்படித்தானே இருந்தது" என்று மனசு சமாதானம் சொல்லும். போட்டோ அப்படிச் சொல்லாது.

கண்ணில் படுவதை எப்படி எடுத்துக்கொள்வது

எல்லோரும் வெள்ளையைத் தேடுவார்கள். நான் சிவப்பைத் தேடச் சொல்வேன். வெள்ளை வெளேரென்று தடித்திருக்கும் அண்ணத்தின் நடுவில், வெல்வெட் போல் பளிச்சென்று சிவந்த ஒரு திட்டு, தொட்டால் வலிக்காது, ஓரம் தெளிவாக இருக்கும், அல்லது வெள்ளையும் சிவப்பும் கலந்து பொரிப்பொரியாக இருக்கும். தலைகீழாகப் பிடிப்பவர்களின் அண்ணத்தில் சதை எடுத்துச் சோதித்தபோது, செல்கள் கெட்ட வழியில் திரும்பியிருந்தது அதிகமும் சிவந்த இடங்களில்தான். பார்க்க ஏதோ சூடு பட்ட புண் மாதிரி சாதாரணமாக இருக்கும், "நேத்து சூடா சாப்பிட்டேன்" என்று ஒரு காரணமும் தயாராக இருக்கும். சிவப்புத் திட்டைப் பார்த்தால் அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி.

ஒரே சீராகச் சாம்பல் வெள்ளையாக, சிவப்புப் புள்ளிகளோடு, புண் எதுவும் இல்லாமல் இருந்தால் அவசரம் இல்லை, ஆனால் காட்டாமல் விடவும் கூடாது. ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தைவிட அதிகமாகத் தடித்து, கரடுமுரடாக, மரு மாதிரி எழும்பியிருந்தால் அது அவசரப் பக்கத்தில் சேரும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும் அப்படியே, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். விளிம்பு கெட்டியாகத் தூக்கிக்கொண்டு நடுவில் குழிந்திருந்தால் நாளை என்று தள்ளக்கூடாது.

அண்ணத்தில் நிறம் போய் வெளிறிய திட்டுகளும் அதற்கு நேர்மாறாகக் கறுத்த திட்டுகளும் இவர்களிடம் பார்க்கலாம், பல நேரம் ஒரே வாயில் இரண்டும் இருக்கும். அவை தானாக ஆபத்தில்லை, புகை நிறைய வருஷமாக அங்கே வேலை பார்த்திருக்கிறது என்பதன் அடையாளம்.

வாயைத் திறக்காமலே தெரியும் சில சமிக்ஞைகளும் உண்டு. நன்றாகப் பொருந்திக்கொண்டிருந்த கட்டுப்பல் திடீரென்று உட்காராமல் போவது, மேல் பல் காரணமில்லாமல் ஆடுவது, தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருவது, குரல் மூக்கால் பேசுவதுபோல மாறுவது, விழுங்கும்போது காதுக்குள் வலிப்பது, கன்னமோ உதடோ மரத்துப்போவது. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் டார்ச் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அப்புறம் பயப்பட வேண்டாதவை, ஏனென்றால் முதல் தடவை அண்ணத்தைப் பார்க்கிறவர் எல்லாவற்றையும் புற்று என்று நினைத்துவிடுவார். முன்பல்லுக்குப் பின்னால் நடுவில் ஒரு சின்னச் சதை மேடு, அதன் இரண்டு பக்கமும் வரிவரியாக மடிப்புகள், எல்லோருக்கும் உண்டு. அண்ணத்தின் நடுக்கோட்டில் கல் போலக் கெட்டியான எலும்புப் புடைப்பு சிலருக்கு இயல்பாகவே மெல்ல வளரும், அதன் மேல் தோல் சாதாரண நிறத்தில் இருந்தால் விட்டுவிடலாம். கன்னத்தின் உள்ளே மணல் தூவிய மாதிரி மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். ஈறு கறுப்பாக இருப்பது நம் ஊரில் சகஜம், சிகரெட்டே தொடாதவருக்கும் இருக்கும்.

தலைகீழ் மட்டும்தானா

இல்லை. பீடியை ஒரே வாயோரத்தில் செருகிக்கொண்டு வலை பின்னுகிறவர், லோடு இறக்குகிறவர், இவர்களுக்கு உதடு கூடும் அந்த மூலையில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு வரும், பெரும்பாலும் பீடி வைக்கிற பக்கம். பீடி இலை சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி இழுக்க வேண்டும், விரல் சுடும்வரை கடைசித் துண்டையும் விடமாட்டார்கள், உதட்டிலேயே தழும்பு இருக்கும். அந்தத் திட்டைச் செருப்புக்கடி அளவுக்குக்கூட யாரும் மதிப்பதில்லை. நடுவே சிவந்தாலோ வெடித்தாலோ மதித்தே ஆக வேண்டும்.

ஹூக்கா தண்ணீரில் வடிந்து வருவதால் சுத்தம் என்று நம் பையன்கள் சொல்கிறார்கள். தண்ணீர் சூட்டைத்தான் குறைக்கும், நச்சை வடிகட்டாது, கரிப் புகை கூடுதல் இனாம்.

மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கும் பாட்டிகள், உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை வைத்துக்கொண்டு மேலே பீடியும் பிடிப்பவர்கள், பெட்டிக்கடை மறைவில் பாக்கும் புகையிலையும் கலந்த மாவா வாங்குகிறவர்கள் தனிக் கதை. குட்காவையும் பான் மசாலாவையும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை செய்தும் எங்கே கிடைக்கும் என்று தெருவுக்கே தெரியும். மாவா, பாக்கு போடுகிறவர்களுக்கு ஒரு சோதனை: தங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உள்ளே நார் மாதிரி கெட்டியாக விரலில் தட்டுப்படுகிறது என்றால் அது பாக்கினால் வரும் வாய் இறுக்க நோய். அதையும் புற்றுக்கு முந்தைய நிலையாகத்தான் பார்க்க வேண்டும். வயது இருபதாக இருந்தாலும் காட்ட வேண்டும்.

எங்கே, எப்படிக் காட்டுவது

பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம், எழுதிக் கொடுப்பார்கள். நேராகப் போவதென்றால் நமக்குப் பக்கம் ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. வாய்க்கென்றே இருப்பது கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி. பல் பிடுங்கும் வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள், ஓரல் மெடிசின் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள். எண்ணூர், கத்திவாக்கம் ஆட்கள் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வந்து இறங்கினால் பஸ்ஸைவிட நேரம் மிச்சம். காலையிலேயே போய்விடுங்கள், புறநோயாளிச் சீட்டு காலையில்தான். புற்று என்று உறுதியானால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஆரம்பித்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துப் போங்கள், இல்லையென்றால் ரேஷன் கார்டும் ஆதாரும் கையோடு இருக்கட்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "இவங்க சுருட்டை நெருப்புப் பக்கம் உள்ள வெச்சுப் பிடிப்பாங்க." வெளியூரில் படித்து வந்த இளம் டாக்டர் இந்தப் பழக்கத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்திருக்கலாம், அவராக இதைக் கேட்கத் தோன்றாது. இதைச் சொல்லாவிட்டால் சாதாரணப் புகைப்பவர் அண்ணம் என்று நினைத்து மருந்து எழுதி அனுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. சொல்லிவிட்டால் அதே வெள்ளையை வேறு கண்ணோடு பார்ப்பார்.

நீல நிறச் சாயம் ஒன்றைத் தடவிப் பார்க்கலாம், சந்தேகமான இடம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் முடிவு சொல்ல மாட்டார்கள், எங்கே சதை எடுக்க வேண்டும் என்பதற்குத்தான் அது வழிகாட்டும். சதை எடுப்பது என்றதும் நம்ம ஏரியாவில் கிளம்பும் ஒரு பேச்சு: "கத்தி பட்டா பரவிடும்". இந்தப் பேச்சினாலேயே வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் அண்ணத்தில் ஓட்டை விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பரவியது கத்தி பட்டதால் இல்லை, காட்டாமல் இருந்ததால். மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னத் துண்டு ஒன்று எடுத்து, தையல் போட்டு அல்லது போடாமலே அனுப்புவார்கள். அன்று கஞ்சியை ஆறவைத்துக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் வீட்டில் செய்யக்கூடாத சிலது உண்டு. வாய்ப்புண் என்று மெடிக்கலில் சொல்லி பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுவது. ஊதா மருந்து தடவுவது, அது நிறத்தையே மறைத்துவிடும், அப்புறம் டாக்டருக்கு எதுவும் தெரியாது. மரத்துப்போகும் ஜெல் தடவிக்கொண்டே காலம் தள்ளுவது. படிகாரம், கிராம்புத் தைலம் வைத்து வெந்த சவ்வை மேலும் வேகவைப்பது. தேன் தடவுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அது தேதியைத் தள்ளிப்போடும் சாக்காக மாறினால் அதுவும் கெடுதல்தான்.

விடவைப்பது

"சரி, திருப்பி நேரா பிடிக்கிறேன், போதுமா?" என்று கேட்பார்கள். அண்ணத்தில் சூடு குறையும், உண்மை. ஆனால் அதே புகை நாக்கு, கன்னம், தொண்டை, நுரையீரல் என்று போகும் இடமெல்லாம் போகத்தான் போகிறது. இதை ஒரு தீர்வாக நான் யாருக்கும் சொல்வதில்லை. விடுவதற்கு நடுவில் ஒரு வாரம் இப்படிப் போனால் போகட்டும் என்று விடுவேன், அதற்கு மேல் இல்லை.

வயசான காலத்தில் விட்டு என்ன ஆகப்போகிறது என்பது அடுத்த கேள்வி. நிறைய ஆகும். இதே ஸ்ரீகாகுளத்தையும் கேரளா, குஜராத்தில் தலா ஒரு மாவட்டத்தையும் சேர்த்து 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 1986-ல் வந்தது. பெரிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை, திரும்பத் திரும்ப நேரில் போய் விடச்சொல்லிப் பேசினார்கள். அதிலேயே பழக்கம் குறைந்தது, வாயில் புதிதாகத் திட்டுகள் வருவதும் குறைந்தது. அதனால் உங்கள் பேச்சு வீண் என்று நினைக்காதீர்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் பேசி முடிக்கவும் பார்க்காதீர்கள்.

லாஞ்சில் போகிறவர்கள் விடுவதற்கு ஏற்ற நேரம் என்று நான் சொல்வது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. விடுவதில் மோசமான காலம் முதல் மூன்று நான்கு நாள், எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், யாரைப் பார்த்தாலும் கோபம். இரண்டு மூன்று வாரத்தில் அது அடங்கும். கடலில், இரவு காவலில், கூட இருக்கும் எல்லோரும் பிடிக்கும்போது இதைத் தாங்குவது கஷ்டம், கரையில் தாங்கலாம். கையில் காசு இல்லாத மாதங்கள் என்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நன்மை. ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை அலையவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.

1800112356 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள், தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் 2018 முதல் அச்சாகி வருகிறது, கட்டுச் சுருட்டை உதிரியாக வாங்குகிறவர் கண்ணில் அது படாது, அதனால் செல்போனில் நீங்களே போட்டுக் கொடுங்கள். நிகோட்டின் சூயிங்கம் மெடிக்கலில் கிடைக்கும். அதைச் சாதாரண கம் மாதிரி மென்று தள்ளக்கூடாது, காரம் தெரியும்வரை மென்று, கன்ன ஓரத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், அதற்குக் கால் மணி நேரம் முன்னால் டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. பல்லே இல்லாத ஆயாவுக்கு இது சரிப்படாது, தோலில் ஒட்டும் பேட்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய் இருந்தால் எதையும் கேட்டுவிட்டுத்தான்.

விட்ட பிறகு வெள்ளை மெல்ல இளகும். நிறம் மாறுகிறதா என்று தினம் பார்க்க வேண்டாம், இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே பக்கம் தலையைச் சாய்த்துப் போட்டோ எடுத்து முதல் போட்டோவோடு வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும் திட்டு சூட்டினால் வந்தது மட்டும் இல்லை என்று அர்த்தம், முன்பு சதை எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளை முழுசாக மறைந்தாலும் டாக்டர் சொன்ன தேதியில் போய்க் காட்ட வேண்டும், இத்தனை வருஷம் வெந்த இடம் அது. நடுவில் மறுபடி பிடிக்க ஆரம்பித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், திட்டமாட்டார்கள், திட்டினாலும் அது இரண்டு நிமிஷம்தான்.